உயிர்க்கரி மின்முனைகள்

உயிர்க்கரி மின்முனை என்பது தாவரக் கழிவைக் காற்றுப் படாமல் சுட்டுப் பெறும் கரியைக் கொண்டு செய்யப்படுவது. நீரிலும் உணவிலும் உள்ள நுண்ணளவு மாசுகளை அளக்கும் உணரிகளிலும், மின்தேக்கிகளிலும் மின்கலங்களிலும் இது பயன்படுகிறது. தேங்காய்ச் சிரட்டை, உமி, மூங்கில், ஆமணக்குப் புண்ணாக்கு ஆகியவை இதன் மூலப்பொருள்களுள் சில.

மரக்கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதை ஜோசப் பிரீஸ்ட்லி 1766இல் கண்டறிந்தார். நீரும் உலோகங்களுமே கடத்திகள் என்று நம்பப்பட்ட காலம் அது. 1770இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான அவருடைய கட்டுரை இன்னும் கூர்மையானது: கரியின் கடத்துதிறன் அதைச் சுட்ட வெப்பத்தின் அளவைப் பொறுத்தது. அணுக்கொள்கையோ மின்கலமோ பிறக்காத நாளில், அடுப்பையும் கரித்துண்டுகளையும் வைத்து எட்டிய இந்த முடிவு இன்றைய ஆய்வுக்கூடத்திலும் மாறவில்லை. ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்குக் கீழே சுட்ட கரி மின்சாரத்தைக் கடத்துவதே அரிது. 600க்கும் 900க்கும் இடையே கடத்துதிறன் பல மடங்கு உயர்கிறது.

ஹம்ஃப்ரி டேவி கரிக்குச்சிகளுக்கிடையே மின்வில்லை ஒளிரச் செய்த ஆண்டு குறித்து நூல்கள் ஒத்துப்போவதில்லை. 1802 முதல் 1809 வரை பல ஆண்டுகள் சொல்லப்படுகின்றன. 1841இல் ராபர்ட் புன்சன் விலையுயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதில் கரியை மின்கலத்தில் வைத்தார். மின்கலத் தொழில் கல்கரியையும் கிராஃபைட்டையும் சார்ந்தே வளர்ந்தது.

1951இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், எவ்வளவு சுட்டாலும் கிராஃபைட்டாக மாறாத கரிகள் உண்டு என்பதை எக்ஸ்-கதிர் ஆய்வால் காட்டினார். 1958இல் வேதியியலாளர் ரால்ஃப் ஆடம்ஸ், பாதரசத் துளி மின்முனைக்கு மாற்றாகச் சொட்டும் கரி மின்முனை ஒன்றைச் செய்ய முயன்றார். அது கைகூடவில்லை, கிடைத்த பசை நிலைத்தது. கரித்தூளை எண்ணெய் போன்ற நீர்மத்தோடு குழைத்த அந்தப் பசையே பின்னாளில் உயிர்க்கரிக்கு வழி திறந்தது.

குறைந்த வெப்பத்தில் சுட்ட கரியின் மேற்பரப்பில் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் எஞ்சி நின்று ஈயம், காட்மியம் போன்ற உலோக அயனிகளைப் பற்றுகின்றன. வெப்பம் கூடினால் மின்சாரம் கடக்கும், பற்றும் தொகுதிகள் அழியும். பசையில் இந்த இழுபறிக்கு வழி உண்டு: கடத்தும் வேலை கிராஃபைட்டுக்கு, பற்றும் வேலை உயிர்க்கரிக்கு. 2010களில் பிரேசில் ஆய்வாளர்கள் ஆமணக்குப் புண்ணாக்குக் கரியை இப்படிக் கலந்து உலோகங்களையும் பாராகுவாட் களைக்கொல்லியையும் அளந்தனர். கிடைக்கும் மின்சைகையில் கரியின் பங்கு எவ்வளவு, அதிலுள்ள சாம்பல் கனிமங்களின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

மின்தேக்கிகளில் சிரட்டைக்கரி வணிக அளவில் பயன்படுகிறது. அதை உயிர்க்கரி எனலாமா என்பது வரையறையைப் பொறுத்தது. சோடியம் அயனி மின்கலங்களுக்கும் தாவரக் கரிகள் ஆராயப்படுகின்றன. உணரிகளோ பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நிற்கின்றன. மூலப்பொருளும் சூளையும் மாறும்போது கரியின் இயல்பும் மாறுவது இதற்கு ஒரு காரணம்.