பொழுதுபோக்கு மண்ணணை

ஓடையை மறித்து, படகு விடவும் தூண்டில் போடவும் தனியார் தம் நிலத்தில் எழுப்பும், அல்லது அதற்கென மாற்றிக்கொள்ளும், சிறு மண்கரை பொழுதுபோக்கு மண்ணணை எனப்படும். சர்வதேசப் பெரிய அணைகள் ஆணையம் 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்ததைப் பேரணை என்கிறது. பொழுதுபோக்கு மண்ணணைகளுட் பல அந்த அளவை எட்டாதவை. உயரம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று கருதுவோர் பலர். ஆனால் வேலைக்காகக் கட்டிய கரை வேடிக்கைக்கு மாறும்போது அதை அன்றாடம் பார்க்கும் கண் போய்விடுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கெலி பார்ன்ஸ் அணை சுமார் 12 மீட்டர் உயரந்தான். மின்னாக்கத்துக்குப் பயன்பட்ட அது, 1957இல் அந்த வேலை நின்றபின் ஒரு கல்லூரியின் உல்லாச ஏரியாகக் கிடந்தது. கரையில் மரங்கள் வளர்ந்தன. உடைவதற்கு நான்கு ஆண்டு முந்தைய ஒளிப்படமே வெளிச்சாய்வில் மண் சரிந்திருந்ததைக் காட்டுகிறது. 1977 நவம்பர் 6 அதிகாலை, கனமழைக்குப் பின் கரை உடைந்து 39 பேர் இறந்தனர். அதற்கு முன்பே பென்சில்வேனியாவில், கால்வாய்க்கென்று கட்டிய சவுத் ஃபோர்க் அணை செல்வந்தர் கழகமொன்றின் கைக்கு வந்திருந்தது. வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாதிருக்க, மிகைநீர் வழியும் வானுக்குக் கம்பித்தடுப்பு வைத்தார்கள். நீரை வெளியேற்றும் அடிக்குழாய்களோ முன்னரே அகற்றப்பட்டிருந்தன. 1889 மே 31இல் அணை உடைந்து மாண்டோர் 2,200க்கும் மேல். மீனுக்கு இருந்த அக்கறை கரைக்கு இல்லை.

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கு இது தொலைதூரக் கதையன்று. மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல ஒருகாலத்தில் ஓடைநீரால் இயங்கின. பொது மின்சாரம் வந்ததும் அந்த அமைப்புகள் கைவிடப்பட்டன. 1992இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளிடம் சென்றபின் துரை பங்களாக்கள் சில விருந்தினர் விடுதிகளாயின. அத்தகைய இடத்தில் ஓடையை மறித்த குளம் எப்போதும் நிறைந்திருந்தால்தான் அழகு. கரைக்கோ மழைக்கு முன் நீர் இறங்கியிருந்தால்தான் நல்லது. இரத்தினபுரியில் ஆண்டு மழை 3,500 மில்லிமீட்டரைத் தாண்டும். பங்களா மேட்டிலும் தொழிலாளர் லயம் பள்ளத்திலும் இருந்தால், குளத்தின் அழகு ஒருவருக்கு, வெள்ளம் இன்னொருவருக்கு.

ஈராயிரம் ஆண்டுகளாகக் குளங்களின் மண்கரை நிற்கும் நாட்டில் இந்த அச்சம் வீண் என்பர். ஆனால் அக்குளங்களின் நீரை நம்பிப் பயிர் செய்தவர்கள் இருந்தார்கள். கரையையும் வானையும் பார்க்க வட்டவிதானை இருந்தார். அப்படியும் பழங்குளமான கந்தளாய் 1986 ஏப்ரல் 20இல் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவவில் உண்மையான எமன் மண்சரிவுதான் என்ற மறுப்பு இன்னும் வலுவானது: 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தோ காணாமலோ போயினர். ஆனால் சரிவின் தலையில் தேக்கிய நீர் கீழே மண்ணை நனைக்கும். சரியும் மண் குளத்துள் விழுந்தால் அலை கரையைத் தாண்டும். இரு ஆபத்துகளையும் பிரித்துப் பார்க்க முடியாது.

அணையில் தெரியும் கசிவெல்லாம் கேடன்று. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ நீர்த்தேக்கம் 1992 முதல் வலக்கரைப் பாறை வழியே கசிகிறது. அந்நீர் கல்தொட்ட வயல்களுக்குப் பாய்கிறது, அணையும் நிற்கிறது. மண்கரையில் பார்க்க வேண்டியது நீரின் நிறம். தெளிந்த கசிவுக்கு அவகாசம் உண்டு. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். அடிமதகு இல்லாத கரையில் அப்போது எஞ்சும் வழி, கரைக்கு மேலாகக் குழாய் போட்டு நீரை இழுத்து வெளியேற்றுவதும் லயத்திலுள்ளோரை மேட்டுக்கு ஏற்றுவதுமே.