பூங்கா வாசலில் ஒரு தலைப்பாகை

புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' (1972) படத்தை விடுதி அறையில் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். ஷாங்காய் பூங்கா வாசல். நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதியில்லை என்று பலகை. நாயகன் எகிறி உதைத்து அதை நொறுக்குகிறான். அறையே அதிர்ந்தது. தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பலகையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் உறுத்தியது. வாசலில் நாயகனைத் தடுத்துப் பலகையைக் காட்டுகிறவர் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர். 'இந்தியர்' என்ற கணக்கில் நம்மாள்.

இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'கிரீன் ஹார்னெட்' தொடரில் (1966–67) லீக்குக் கிடைத்தது எஜமானுக்குக் கார் ஓட்டும் காட்டோ வேடம். 1972இல் வந்த 'குங் ஃபூ' தொடரிலோ சீன ரத்தம் கலந்த துறவியாக டேவிட் கரடைன் நடித்தார். அங்கே மறுக்கப்பட்ட நாயக இடத்தை லீ ஹாங்காங் சினிமாவில் எடுத்துக்கொண்டார். அந்த உதையின் நியாயம் இது.

பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1868இல் திறந்த அந்தப் பூங்காவில் 1928 வரை சீனர்களுக்கு இடமில்லை. 1917 விதிகளில், தோட்டம் அயல்நாட்டவருக்கு என்பது ஒரு விதி. நாய்க்கும் சைக்கிளுக்கும் அனுமதியில்லை என்பது வேறொரு விதி. இரண்டையும் ஒரே வரியாகக் கோத்தது மக்கள் நினைவு. அதைப் பொய் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அவமானப்பட்டவர் விதிகளை அப்படித்தான் சேர்த்துப் படிப்பார்.

ஆனால் காவலர்? ஷாங்காய் போலீசுக்கு 1880களிலிருந்து பிரிட்டிஷார் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1925 மே 30 அன்று நான்ஜிங் சாலையில் ஊர்வலம் வந்தவர்களைச் சுடச் சொன்னவர் பிரிட்டிஷ் அதிகாரி; சுட்டவர்கள் சீக்கியக் காவலர்களும் சீனக் காவலர்களும். அதே ஷாங்காயில் கதர் கட்சிக்காரர்கள் அந்தச் சீக்கியர்களிடையே வெள்ளையனுக்கு எதிராக வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒடுக்குமுறையின் கையாளாகவும் அதற்கு எதிரியாகவும் ஒரே சமூகம் இருந்த சிக்கலான வரலாறு இது. படத்தில் மிஞ்சியது ஒரு தலைப்பாகையும் தடுக்கும் ஒரு கையும். ஆணையிட்டவன் அந்தக் காட்சிச் சட்டகத்துக்கு வெளியே பத்திரமாக இருக்கிறான்.

திரையில் யாருக்கு இடம் கிடைத்தது என்று தலை எண்ணுவது அவசியம்தான், ஆனால் போதாது. கிடைத்த இடம் எது, யாருடைய வாசலில் யாரைத் தடுக்க என்றும் கேட்க வேண்டும். தன்னை மீட்டெடுக்கும் ஒரு பிரதி, தனக்குக் கீழே இன்னொரு முகத்தைத் தட்டையாக்கிவிட முடியும். எதிர்ப்பின் சினிமாவுக்கும் இதில் விலக்கில்லை.

நம்ம ஊரில் ஊர்வலத்தை மறித்து முன்வரிசையில் லத்தியோடு நிற்பது யார் வீட்டுப் பிள்ளை? அவனும் எங்கோ கூலிக்குப் போயிருக்க வேண்டியவன்தான். பலகை உடைகிற காட்சிக்கு இனியும் கைதட்டுவேன். அப்போது அந்தக் காவலரையும் பார்த்துக்கொண்டுதான் தட்டுவேன்.