ராத்திரி எங்கே படுப்பாள்?

பெண்கள் கல்லூரிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பட்டம் வாங்கியவர்களின் பெயர்களிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் எழுதினால் ஹாஸ்டலிலிருந்து ஆரம்பிப்பேன். வெளியூரில் படிக்கப் போகிற பெண் ராத்திரி எங்கே படுப்பாள், அவளுக்கு யார் பொறுப்பு? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அவளுடைய மதிப்பெண்ணை வீட்டில் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்.

முத்துலட்சுமி ரெட்டி 1904-இல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் ஒருவர்தான் பெண். எதிர்ப்புக் கிளம்பியது, மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார், முத்துலட்சுமி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார் என்றெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: புதுக்கோட்டை அவருக்குச் சொந்த ஊர். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். சொந்த ஊரில் கல்லூரி இல்லாத பெண்ணுக்கு எந்த மன்னர் அனுமதி கொடுத்து என்ன பயன்?

சென்னை மெரினாவில் 1914-இல் மெட்ராஸ் பெண்கள் கல்லூரி தொடங்கியது. அரசுக் கல்லூரி. முதல்வர் டோரதி டி லா ஹே என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 37 மாணவிகள். இடம் கேப்பர் மாளிகை. அதற்கு முன் அது ஓட்டலாக இருந்த கட்டடம். தற்செயலாகவே இருக்கட்டும், இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடைத்திருக்காது. ஓட்டல் என்றாலே தங்குகிற அறைகள்தானே. வகுப்பும் படுக்கையும் ஒரே மதிலுக்குள் என்றால் அப்பாக்கள் ஒருவேளை சம்மதிப்பார்கள். அடுத்த ஆண்டே பென்ட்லண்ட் மாளிகை எழுந்தது. 1917-இல் கல்லூரிக்கு ராணி மேரி என்று பெயர் வைத்தார்கள். 1918-இல் ஸ்டோன் மாளிகை, 1921-இல் ஜெய்ப்பூர் மாளிகை. (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் இல்லை, ஒடிசாப் பக்கத்து ஜமீன்.) டி லா ஹே அம்மையார் 1936 வரை இருந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டார்.

தலசேரியில் பிறந்த ஜானகி அம்மாள் இங்கே படித்துவிட்டு, அதே கடற்கரைச் சாலையில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். கரும்பு ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர். மலபாரிலிருந்து ஒரு பெண் பட்டணத்துக்குப் படிக்க வரக்கூடிய காலம் அதற்குள் வந்துவிட்டது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

ராணி மேரியிலிருந்து வடக்கே நடக்கிற தூரத்தில் ஐஸ் ஹவுஸ். 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்கக் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். பிறகு சகோதரி சுப்பலட்சுமி அதை இளம் விதவைகள் தங்கிப் படிக்கும் இல்லமாக்கினார். சிறுவயதிலேயே மணமாகி, கணவனை இழந்து, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர் அவர். சமையலில் ஆசாரம், வாசலில் காவல் என்று அந்தக் காலத்து வீடுகள் கேட்ட எல்லாவற்றுக்கும் இணங்கினார். இணங்கியதை இப்போது குறை சொல்கிறவர்கள் உண்டு. இணங்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் வாசற்படி தாண்டியிருக்க மாட்டார்கள்.

நான் 1975-இல் பி.யூ.சி.க்கு ராணி மேரிக்கு வந்தேன். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம். ராத்திரி ரயிலில் உட்கார்ந்தபடியே வந்து எழும்பூரில் இறங்கி, டிரங்குப் பெட்டியும் பிளாஸ்டிக் வாளியுமாக அப்பாவுடன் பஸ் ஏறினேன். கடலைப் பார்த்த கல்லூரி என்று எனக்கு ஒரே பரபரப்பு. அப்பா கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதில் எவ்வளவு உயரம் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். வகுப்பறையை எட்டிப் பார்க்கவில்லை, எந்தப் பேராசிரியரிடமும் பேசவில்லை. நேரே ஹாஸ்டல் அலுவலகம். வார்டனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “கேட்டு எத்தனை மணிக்கும்மா சாத்துவீங்க?”

அன்றைக்கு எங்களுக்கு முக்கியமான தாள் டி.சி. இல்லை, லோக்கல் கார்டியன் படிவம். மயிலாப்பூரில் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் இருந்தார். அதற்கு முன் அவரை ஒரு கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. அவர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்குக் கட்டில் கிடைத்தது. பட்டணத்தில் அப்படி ஒரு சித்தப்பா இல்லாத காரணத்தால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றார்கள். அவர்கள் எந்தக் கல்லூரி வரலாற்றிலும் வரமாட்டார்கள்.

முதல் நாள் ராத்திரி சாம்பார் தித்தித்தது. ரூமில் ஒருத்தி தர்மபுரி, ஒருத்தி நாகர்கோவில். பாதிப் பேச்சு புரியவில்லை.

2003 ஏப்ரலில் அந்த வளாகத்தை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்தைவிட்டு நகராமல் போராடினார்கள். பாரம்பரியக் கட்டடம், கடற்கரைச் சாலையின் அழகு என்று பெரியவர்கள் பத்திரிகைகளில் எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். கும்பகோணத்தில் குடித்தனம் நடத்தும் என் பழைய ரூம்மேட் போன் போட்டாள். நாகர்கோவில்காரி, பேச்சு மாறவே இல்லை. “ஹாஸ்டல் பிள்ளைகள எங்கட்டீ கொண்டு போடப்போறாங்களாம்?” என்று மட்டும் கேட்டாள்.

திட்டம் கைவிடப்பட்டது. கேப்பர் மாளிகை மட்டும் பின்னாளில் இல்லாமல் போய், அந்த இடத்தில் புதுக் கட்டடம் வந்துவிட்டது. அதைப் போனில் சொன்னபோது, “அதுல ரூம் எத்தன?” என்றாள்.