புல்வெளியை உழுத தலைவர்களும் கொல்லைப்புறம் இல்லாத குடும்பங்களும்

வீட்டுக்கு வேண்டிய காய்கறியை வீட்டிலேயே விளைவிப்பது இன்றைக்குப் பலருக்கும் பொழுதுபோக்கு. மொட்டை மாடியில் பத்து பை, நான்கு கத்தரிச்செடி, முதல் காய் வந்ததும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ்! ஆனால் எண்பது வருடங்களுக்கு முன்னால் இதையே செய்யச் சொல்லி அரசாங்கம் மக்களிடம் கெஞ்சியது. அந்தக் கதைதான் இது.

1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அதோடு பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் இலங்கையும் அந்த அரிசியை நம்பி இருந்தவை. 1943ல் வங்காளப் பஞ்சம்; செத்தவர்கள் 20 முதல் 30 லட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம். வெளிநாட்டிலும் அப்போது இதே பேச்சுதான். இங்கிலாந்தில் 1939லேயே ஆரம்பித்துவிட்டார்கள். லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில்கூட காய்கறி போட்டார்கள். அமெரிக்காவில் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள். 1943ல் வெள்ளை மாளிகைப் புல்வெளியிலும் ஒன்று.

சுதந்திரத்துக்குப் பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது டெல்லி மாளிகை வளாகத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமை விதைக்கச் செய்தார். அதே சமயம் இங்கே சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சர் யார் தெரியுமா? நம் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா (1949-52). அவர் காலத்தில் ரேஷனும் உணவுக் கட்டுப்பாடும் அமலில் இருந்தன. 1952ல் ராஜாஜி முதல்வராக வந்துதான் கட்டுப்பாட்டை நீக்கினார்.

1965ல் மறுபடியும் அதே காட்சி. லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒருவேளை உணவை விடச் சொன்னார், தன் வீட்டுப் புல்வெளியில் ஏர் பூட்டினார். உணவு அமைச்சராக இருந்த நம் சி. சுப்பிரமணியமும் டெல்லி பங்களா புல்வெளியில் புதிய கோதுமை ரகத்தைப் பயிரிட்டுக் காட்டினார்.

எனக்கு இவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். உழுவதற்கு முதலில் புல்வெளி வேண்டும்! எங்கள் சேத்தூர் ஜமீன் ஊர். சட்டத்தில் ஜமீன் ஒழிப்பு வந்ததே 1948ல்தான். சுற்றிலும் கண்மாயும் வயலும் இருந்தாலும், அந்த வயலில் நாற்று நட்ட குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு அவரைப் பந்தல் போட இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி. கிணறும் கொல்லையும் உள்ள வீட்டில், குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும், முருங்கை வேலியோரம் நிற்கும், ஆடியில் ஊன்றிய புடலை ஐப்பசிக்குள் காய்த்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் என்ன செய்வது? ரேஷன் வரிசையில் முதலில் நின்றது அந்த வீட்டுக்காரர்கள்தானே. 'வீட்டுக்கு வீடு தோட்டம்' என்ற பிரசாரம் அவர்களை எட்டவே இல்லை என்று நினைக்கிறேன்.

எட்டிய ஓர் இடம் உண்டு. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர். அங்கே 1880களில் மகாராஜா விசாகம் திருநாள் மரவள்ளிக்கிழங்கை மக்களிடம் பரப்பினார். பர்மா அரிசி நின்றபோது ஏழைகளுக்குக் கை கொடுத்தது அந்தக் கிழங்குதான். காரணத்தை வணிகவியல் மாணவனாக யோசித்துப் பார்த்தேன். விதைக்குச் செலவில்லை, பக்கத்து வீட்டில் ஒரு குச்சி வாங்கி ஒடித்து ஊன்றினால் போதும். மேட்டு நிலம், சரிவு, வேலியோரம் எங்கும் வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், முற்றிய கிழங்கை உடனே தோண்ட வேண்டியதில்லை. தேவைப்படும் நாளில் ஒரு செடியைப் பிடுங்கலாம். மண்ணே கிடங்கு, வாடகையும் கிடையாது! எந்த மந்திரியின் கோதுமைப் பாத்தியும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வராது.

இங்கே தமிழ்நாட்டில் சனம் வேறு வழியில் பதில் சொன்னது. 1967 தேர்தலில் அரிசிப் பஞ்சம் பெரிய பிரச்சினை. 'ரூபாய்க்கு மூன்று படி' என்றார்கள் திமுகவினர். விருதுநகரில் காமராஜரே தோற்றார். தோற்றதற்கு இந்தி எதிர்ப்பு உட்பட வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அடுப்பு எரியாத கோபம் சின்னக் காரணம் அல்ல. ஜெயித்த பிறகு ரூபாய்க்கு ஒரு படிதான் கொடுக்க முடிந்தது, அதுவும் முதலில் சென்னையிலும் கோவையிலும் மட்டும்.

இலங்கைத் தமிழர் கதை இன்னும் சுவாரசியம். 1970ல் வந்த சிறிமாவோ அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கியது. ஊரெல்லாம் தட்டுப்பாடு என்று புலம்ப, யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரும் துண்டு நிலமும் வைத்திருந்த குடும்பங்கள் மிளகாயும் வெங்காயமும் போட்டு நிமிர்ந்தன. 1977ல் ஜெயவர்த்தனா சந்தையைத் திறந்துவிட்டார். வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்கியது, அந்த விவசாயிகள் சரிந்தார்கள். இரண்டு முறையும் மண் அதேதான், உழைப்பு அதேதான். மாறியது விலை மட்டும். அதே நாட்டில் 2022 நெருக்கடியின்போது, வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். கூலிவேலை செய்பவருக்கு யார் விடுமுறை தருவது?

தமிழக அரசும் 2013ல் மாடித்தோட்டத் திட்டம் கொண்டுவந்தது. விதை, தென்னை நார்க்கழிவு, பை எல்லாம் சேர்த்து மானிய விலையில் கொடுத்தார்கள். முதலில் எந்த ஊர்களில் என்று பார்த்தேன். சென்னை, கோவை. 1967ல் படி அரிசி கிடைத்த அதே இரண்டு ஊர்கள்தான் :)