பெரிய கோயில் சுவரில் ஒரு வம்சாவளி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நந்தியைச் சுற்றி வருவார்கள். விவரம் தெரிந்தவர்கள் ராஜராஜனின் கல்வெட்டுகளைத் தடவிப் பார்ப்பார்கள். தென்மேற்கு மூலை வரை நடப்பவர்கள் குறைவு. அங்கே சுவரில் வேறொரு எழுத்து வரிவரியாக ஓடுகிறது. சோழர் காலத் தமிழின் வளைவுகள் இல்லை. தலைக்கோட்டில் தொங்கும் நாகரி. மொழி மராத்தி. 1803 டிசம்பர் 13 என்று தேதியிட்ட இதுதான் போன்ஸ்லே வம்ச சரித்திரம். எழுதியவர் பாபுராயர், எழுதச் சொன்னவர் தஞ்சையின் மராத்திய ராஜா இரண்டாம் சரபோஜி.

ராஜராஜனின் கல்வெட்டுகள் பெரும்பாலும் கணக்கு: யார் எவ்வளவு பொன் கொடுத்தார், எந்த விளக்குக்கு எத்தனை ஆடு. சரபோஜியின் கல்வெட்டோ யார் யாருக்குப் பிறந்தார் என்று சொல்கிறது. ஒரு ராஜா தன் பாட்டன், பூட்டன் கதையை இவ்வளவு நீளத்துக்குக் கல்லில் வெட்டிவைக்க என்ன அவசியம்?

தேதியைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். 1799 அக்டோபரில் போட்ட ஒப்பந்தத்தில் சரபோஜி நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தார். அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டை, ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. ஆள நாடு இல்லை. வம்சம் மட்டும் இருந்தது.

அந்த வம்சத்திலும் அவர் தத்துப் பிள்ளை. 1787இல், சாகும் தறுவாயில், துளஜா ராஜா உறவுக் கிளை ஒன்றிலிருந்து பத்து வயதுச் சிறுவனைத் தத்தெடுத்து, ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸின் கையில் ஒப்படைத்தார். துளஜாவின் மாற்றாந்தாய் மகன் அமர்சிங் தத்து செல்லாது என்றார். பண்டிதர்களும் ஆமாம் போட்டார்கள். பையன் பெற்றவருக்கு ஒரே மகன், வயதும் கடந்துவிட்டது என்பன சொல்லப்பட்ட காரணங்கள். கம்பெனி அமர்சிங்கை அரியணையில் ஏற்றியது. பிறகு வேறு பண்டிதர்கள் தத்து செல்லும் என்றார்கள்; 1798இல் அதே கம்பெனி அமர்சிங்கை இறக்கிவிட்டுச் சரபோஜியை அமர்த்தியது. சாஸ்திரம் அதே சாஸ்திரம்தான்.

கம்பெனிக்கு இது புதிதல்ல. துளஜாவின் தந்தை பிரதாபசிங், முறைப்படி மணந்த ராணிக்குப் பிறந்தவர் அல்லர் என்ற பேச்சு அவர் காலத்திலேயே உண்டு. அதைச் சாக்காக வைத்துத்தான் 1749இல் சாயாஜி என்ற போட்டியாளருக்காக ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். தேவிக்கோட்டை கைக்கு வந்ததும் சாயாஜிக்கு ஒரு உபகாரச் சம்பளத்தைப் பேசி முடித்து, பிரதாபசிங்கையே ராஜா என்று ஒப்புக்கொண்டார்கள்.

இதற்கு வெகு முன்பே இந்தக் குடும்பம் வம்சாவளியின் பலத்தை அறிந்திருந்தது. 1674இல் ராய்கட்டில் சத்ரபதி சிவாஜி முடிசூட முனைந்தபோது, அவர் க்ஷத்திரியர்தானா என்று உள்ளூர்ப் பண்டிதர்கள் கேட்டார்கள். காசியிலிருந்து வந்த காகா பட்டர் போன்ஸ்லேக்களை மேவாரின் சிசோதியா ராஜபுத்திரர்களோடு இணைத்துக் காட்டிய பிறகே பட்டாபிஷேகம் நடந்தது. அந்த இணைப்பு எவ்வளவு உறுதியானது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

தஞ்சைக் கிளையைத் தொடங்கிய ஏகோஜி, சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி. பீஜப்பூர் சுல்தானுக்காகப் படையோடு வந்து, நாயக்கர் ஆட்சி முடிந்த தஞ்சையைத் தனதாக்கிக்கொண்டார். 1677இல் சிவாஜி கொள்ளிடக்கரை வரை வந்து தம்பியிடம் கேட்டது தந்தை சொத்தில் பங்கு. சாம்ராஜ்யக் கதை என்று நாம் படிப்பதில் பாதி, பாகப் பிரிவினை வழக்குதான்.

ஏகோஜியின் மகன் ஷாஜி, 1693இல் திருவிசநல்லூரை 46 பண்டிதர்களுக்குத் தானமாகக் கொடுத்தவர். ஷாஜி, சரபோஜி என்ற பெயர்கள் இந்த வீட்டில் மாறிமாறி வருவதற்கும் ஒரு கதை உண்டு: பிள்ளை இல்லாத மாலோஜி, அகமதுநகரின் ஷா ஷரீப் என்ற சூஃபி ஞானியை வேண்டி இரண்டு மகன்களைப் பெற்றார், அவர்களுக்கு ஷாஜி, ஷரீப்ஜி என்று பெயரிட்டார். சிவாஜியின் தந்தை அந்த ஷாஜிதான்.

சரபோஜியை இன்று நாம் நினைப்பது சரஸ்வதி மகாலின் சுவடிகளுக்காக. அவரோ, தம் உரிமைக்குக் கல்லையே நம்பினார் என்று தோன்றுகிறது. பட்டயத்தை யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். கோயில் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஆனால் அந்தச் சுவர் காப்பாற்றவில்லை. 1855இல் அவருடைய மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனி ராஜபட்டத்தை ஒழித்தது. அரண்மனையின் சொத்துகளையும் சேர்த்து முத்திரையிட்டது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது: கம்பெனி செய்தது அரசின் செயல், சரியோ தவறோ, நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது. தனிச் சொத்துகளில் ஒரு பகுதி பின்னர் ராணிகளுக்குத் திரும்பியது. வம்ச சரித்திரத்தைப் படித்தவர்கள் குறைவு; காமாட்சி பாய் வழக்கையோ சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.