எப்.ஏ.வில் தோற்றவரும் தொரப்பள்ளிக்காரரும்

சிப்காட் ஆலைகளுக்குப் பேர்போன ஓசூரை அடுத்து தொரப்பள்ளி என்று ஒரு கிராமம் இருக்கிறது. ராஜாஜி 1878 டிசம்பர் 10-ல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். அப்பா அந்த ஊர் முன்சீப். பையனோ நோஞ்சான், பிழைப்பானா என்று பெற்றோர் கவலைப்பட்ட குழந்தை.

அன்றைக்கு ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. கல்லூரி வேண்டுமென்றால் பக்கத்தில் இருந்தது பெங்களூர்தான். ஓசூரில் பள்ளிப் படிப்பை முடித்து 1891-ல் மெட்ரிகுலேஷன் தேறி, 1894-ல் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 1897-ல் சென்னையில் சட்டப் படிப்பும் முடிந்தது. உடம்பு பலவீனம், ஆனால் பரீட்சைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டப்பட்டன. பின்னாளில் வேலூர் சிறையில் (1921-22) இருந்தபோதும் டைரி எழுதிய மனுஷர். ஒழுங்கு அவர் சுபாவத்திலேயே இருந்தது போலும்.

மைசூர் பல்கலைக்கழகம் 1916-ல்தான் வந்தது. அதுவரை எல்லை தாண்டிப் போனாலும் பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம்தான். ராஜாஜிக்குப் பட்டம் கொடுத்த அதே பல்கலைக்கழகத்தின் பரீட்சையில்தான், பத்து வருடம் கழித்து இன்னொரு பையன் திரும்பத் திரும்பத் தோற்றான். பெயர் ராமானுஜன்!

1904-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கி, உதவித்தொகையோடு அரசுக் கல்லூரிக்குள் நுழைந்தவர். ஆனால் எப்.ஏ. என்பது கணக்கு மட்டும் அல்ல. ஆங்கிலம், உடலியங்கியல், ரோமானிய கிரேக்க வரலாறு எல்லாம் படித்தாக வேண்டும். கணக்கைத் தவிர மற்றதில் அவர் மனம் ஒட்டவே இல்லை. உதவித்தொகை போயிற்று. அப்பா ஜவுளிக்கடைக் கணக்கர். கட்டணம் கட்ட வழியில்லை. 1905-ல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1906-லும் 1907-லும் எப்.ஏ. தேறவில்லை.

இருவரில் புத்திசாலி யார் என்ற கேள்வியே அபத்தம். அந்தப் பரீட்சை எதை அளந்தது என்பதுதான் விஷயம். 1915-ல் இங்கிலாந்தில் எட்வர்டு வெப் என்பவர், ஆசிரியர் பயிற்சி மாணவர்களை அருகிலிருந்து பார்த்தவர்களைக் கொண்டு அவர்களின் குணங்களை மதிப்பிட வைத்தார். புத்திக்கு அப்பால், விடாமுயற்சி சார்ந்த தனிக் குணம் ஒன்று இருக்கிறது என்பது அவர் முடிவு. 2009-ல் ஆஸ்திரேலியாவின் ஆர்தர் பொரோபட், பல ஆய்வுகளைச் சேர்த்து, எழுபதாயிரம் பேருக்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தார். ஐந்து பெரும் ஆளுமைக் குணங்களில் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டியது பொறுப்புணர்வு, அதாவது ஒழுங்காக உட்கார்ந்து வேலையை முடிக்கும் குணம். கல்லூரி அளவில் அதன் பங்கு கிட்டத்தட்ட புத்திக்கூர்மையின் பங்குக்கு இணையாக வந்தது. (இரண்டுமே தனியாகப் பார்த்தால் பெரிய அளவு இல்லை, மீதி வேறெங்கோ இருக்கிறது.)

ராமானுஜனுக்கு விடாமுயற்சி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? நோட்டு நோட்டாகச் சூத்திரங்கள் எழுதியவர். இல்லாதது, பிடிக்காத பாடத்திலும் கடனே என்று உட்காரும் குணம். எப்.ஏ. கேட்டது அதைத்தான். முன்சீப் வீட்டுப் பையனுக்கு வழுக்கினாலும் ஊன்றிக்கொள்ள இடம் இருந்திருக்கும். கணக்கர் வீட்டுப் பையனுக்கு ஒரு பாடத்தில் சறுக்கினால் கல்லூரியே போய்விட்டது. குணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913-ல், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் கொடுத்தது. அங்கே உடலியங்கியல் கேட்கவில்லை.