காரவெல் ஏன் கோவைக்கு வரவில்லை? 1951ஆம் ஆண்டின் விவரக்குறிப்பு ஒன்றின் மறுவாசிப்பு

பிரெஞ்சுத் தயாரிப்பான காரவெல் ஜெட் 1964இல் இந்தியன் ஏர்லைன்ஸ் சேவைக்கு வந்தது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களும் உள்நாட்டுப் பயணத்தில் அதனோடு ஜெட் காலத்துக்குள் நுழைந்தன. கோவைக்கு டகோட்டாவும், பின்னர் ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப்பும் ஆவ்ரோவும் ஆகிய சுழல்விசிறி விமானங்களே வாய்த்தன. போயிங் 737 இறங்குவதற்காகக் கோவையின் பீளமேட்டு ஓடுதளத்தை விரிவாக்கும் பணி 1980களில்தான் நடந்தது; 1987இல் நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. இந்தத் தாமதத்துக்கு ஓடுதளமே காரணம், அதை நீட்டாமல் விட்டது மைய அரசின் புறக்கணிப்பு என்ற விளக்கம் கொங்கு வட்டார ஆய்வுகளில் கேள்வியின்றி வழங்கிவருகிறது. அந்த விளக்கம் போதாது. காரவெல் உருவாவதற்கு அடிப்படையான ஆவணத்தை மீண்டும் படித்தால் வேறொரு காரணம் தெரிகிறது.

1951 அக்டோபர் 12 அன்று பிரெஞ்சு அரசுக் குழு ஒன்று புதிய பயணிகள் விமானத்துக்கான விவரக்குறிப்பை வெளியிட்டது. 55 முதல் 65 பயணிகள், 1,000 கிலோ சரக்கு, 2,000 கிலோமீட்டர் வரையிலான தடங்கள், மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகம் ஆகியவை அது கேட்டவை. இயந்திரம் எவ்வகை, எத்தனை என்பதை அது உற்பத்தியாளர்களிடமே விட்டுவிட்டது. இதை உலகின் முதல் ‘குறுந்தொலைவு ஜெட்’டுக்கான ஆணையாகப் படிப்பது வழக்கம். இயந்திர வகையையே குறிப்பிடாத ஆவணத்தை அப்படிப் படிப்பது முடிவைத் தொடக்கத்தில் ஏற்றிவைக்கும் வாசிப்பு. ஜெட்டைத் தேர்ந்தவர்கள் போட்டியிட்ட நிறுவனங்கள். துலூஸ் நகரத்து வடிவமைப்பாளர்கள் முதலில் மூன்று இயந்திரங்களைத் திட்டமிட்டனர். ரோல்ஸ்-ராய்ஸ் ஏவன் இயந்திரத்தின் உந்துவிசை கூடியதும் இரண்டே போதும் என்று அவற்றை வாலருகே பொருத்தினர். மூக்குப் பகுதி பிரிட்டனின் காமெட் ஜெட் விமானத்திலிருந்து பெறப்பட்டது. முதல் முன்மாதிரி 1955 மே 27இல் பறந்தது.

‘குறுந்தொலைவு’ என்ற அடைமொழிதான் பெருஞ்சிக்கல். யாருடைய அளவுகோலில் அது குறுகியது? அன்று அல்ஜீரியா பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பாரிசிலிருந்து அல்ஜியர்ஸ் ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர், ரோம் 1,100. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களோடு ஒப்பிட்டால் இவை குறுகியவை. 2,000 கிலோமீட்டர் என்ற வரம்பு மத்தியதரைக் கடலின் இரு கரைகளையும் இணைக்க வகுக்கப்பட்டது என்றே கொள்கிறேன். அந்த அளவு இந்தியாவின் முதன்மைத் தடங்களுக்கு அப்படியே பொருந்துகிறது: டில்லி–கல்கத்தா 1,300, டில்லி–பம்பாய் 1,150, பம்பாய்–சென்னை 1,030.

கோவையிலிருந்து சென்னை வான்வழியே ஏறத்தாழ 400 கிலோமீட்டர்தான். பெங்களூரு 220, கொச்சி 150. ஜெட்டின் சிக்கனம் உயரத்தில் இருக்கிறது. தாழப் பறந்தால் எரிபொருளை விழுங்கும். 400 கிலோமீட்டர் தடத்தில் ஏறி முடித்துச் சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். ஃபிரெண்ட்ஷிப் ஒரு மணி நேரத்துக்குள் கடக்கும் தொலைவு அது. காரவெல்லால் மிச்சமாவது கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். டில்லி–கல்கத்தா தடத்திலோ ஒரு மணி நேரம் மிச்சம். போதாததற்கு, இரவு நீலகிரி எக்ஸ்பிரசில் படுத்தால் காலையில் சென்னை. மில் முதலாளிக்கோ மோட்டார் பம்பு உற்பத்தியாளருக்கோ அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு மதிப்புடையது?

ஓடுதள விளக்கத்துக்கு ஓரளவு வலு உண்டு என்பதை மறுக்கவில்லை. இந்தியா வாங்கிய காரவெல் வகையில் பின்னோக்கு உந்துவிசைக் கருவி இல்லை. தரையில் வேகத்தைக் குறைக்க வால் பாராசூட்டும் தேவைப்பட்டது. ஆனால் இந்த விளக்கத்தைச் சொல்வோர் கோவைக்கு அருகிலுள்ள சூலூர் படைத்தளத்தை மறந்துவிடுகிறார்கள். கடற்படையின் ஜெட் பிரிவு 1950களின் இறுதியிலேயே சூலூரில் இயங்கியது. சீ ஹாக் ஜெட்டுகள் அங்கிருந்து பறந்தன, ஐ.என்.எஸ். ஹன்சா என்ற கடற்படை விமானத்தளம் 1961 செப்டம்பர் 5இல் அங்குதான் தொடங்கி, 1964இல் கோவாவுக்கு மாறியது. அதாவது, காரவெல் இந்தியாவுக்கு வருமுன்பே கொங்கு மண்ணில் ஜெட் இறங்கும் தளம் இருந்தது. படைத்தளத்தில் பயணிகள் விமானத்தை எப்படி இறக்குவது என்று கேட்பார்கள். பீளமேட்டில் பணி நடந்தபோது கோவைச் சேவைகள் சூலூரிலிருந்துதானே நடந்தன! தேவை என்று வந்தபோது வழி பிறந்தது. 1964இல் அந்தத் தேவை எழவில்லை.

பம்பாய் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. கோவையிலிருந்து பம்பாய் சுமார் 1,000 கிலோமீட்டர். காரவெல்லுக்கு உகந்த தொலைவு. பருத்தியும் நூலும் இரு நகரங்களையும் பிணைத்திருந்தன. இங்கே தொலைவு மட்டும் விடையாகாது, விமானங்களின் எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டும். இந்தியன் ஏர்லைன்ஸ் வைத்திருந்த காரவெல்கள் மிகச் சிலவே. 1966 பிப்ரவரியில் டில்லியிலும் செப்டம்பரில் பம்பாயிலும் ஒவ்வொன்று விபத்தில் அழிந்தன. எஞ்சியவை பெருநகரத் தடங்களுக்கே போதாத நிலையில், 80 பேர் அமரும் விமானத்தை ஆலை நகரத்துக்கு ஒதுக்கியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம். இது என் அனுமானமே. வலுவான அனுமானம் என்று கருதுகிறேன்.

பின்னர் போயிங் 737 வந்ததே என்பது மறுப்பாகாது. அது 80 முதல் 1,600 கிலோமீட்டர் வரையிலான தடங்களை மனத்தில் கொண்டு தொடங்கிய வடிவமைப்பு. கோவையின் தொலைவுகள் அந்த வரம்புக்குள் அடங்கின. காரவெல்லின் கணக்கில், பம்பாய் தவிர மற்றவை கீழ் விளிம்புக்கும் கீழே கிடந்தன.

ஆகவே ‘புறக்கணிப்பு’ என்ற சொல்லைக் காரவெல் காலத்துக்குப் பயன்படுத்துவதைக் கைவிட வேண்டும். 1970களுக்கு அது பொருந்துமா என்பது தனி விவாதம். அந்த விவாதத்துக்கு ஓடுதளத்தின் அடிக்கணக்கு மட்டும் உதவாது. யார், எந்த ஊருக்கு, எத்தனை முறை பறந்தார்கள் என்ற கணக்கு வேண்டும். கோவை, திருப்பூர் ஆலைகளின் அலுவலகங்களில் அக்காலப் பயணப் பதிவேடுகளும் விமானச் சீட்டுகளும் எஞ்சியிருந்தால், பழைய தாள் என்று எடைக்குப் போடாமல் ஆய்வாளர்களுக்குத் தந்து உதவ வேண்டுகிறேன்.